ஒரு தப்புகூட இல்லாத பக்கம்

"இது நல்லாத் தெரியுதா, முன்னாடி போட்டது நல்லாத் தெரிஞ்சுதா?" என்று ஒரு பெரியவரிடம் ஆறாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கடையில் என் வேலை அதுதான். மூக்கின் மேல் சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, எது தேவலை என்று கேட்பது. பெரியவர் சலித்துப்போய், "ரெண்டும் ஒண்ணுதாம்மா, நீயே பாத்து ஒண்ணக் குடு" என்றார். சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று உறைத்தது. நான் போகிற ஜப்பானிய மொழி வகுப்பில் 'இல்லை' பாடம் போன வாரமே முடிந்துவிட்டது. இந்தச் சனிக்கிழமை, 'அதைவிட இது' என்கிற 'விட'வும் முடிந்துவிட்டது. இனி எங்கள் கூடத்துச் சுவரில் தொங்குவதை என்னால் வாசிக்க முடியும். அந்த நினைப்பில் அடுத்த வில்லையைத் திருப்பிப் போட்டுவிட்டேன்.

சுவரில் தொங்குவது அக்கா எழுதிய ஒரு பக்கம். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, என் வீட்டுக்காரரின் முதல் மனைவி. நான் அவளைப் பார்த்ததே இல்லை. ரத்தத்தில் ஏதோ கோளாறு என்று எட்டு மாதம் படுத்துக் கிடந்து போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்கு முன் ஜப்பானிய மொழி படிக்கப் போயிருக்கிறாள். வீட்டுப்பாடமாக எழுதிய பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிவப்பு டிக். அதை என் வீட்டுக்காரர் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். வருகிறவர் போகிறவரையெல்லாம் அதன் முன்னால் நிறுத்தி, "பாருங்க, பத்துக்குப் பத்து. ஒரு தப்புகூட இல்ல" என்பார். என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது கேட்டால், "அது யாருக்குத் தெரியும்? பாஷை அப்படி" என்று பெருமையாகச் சிரிப்பார்.

ஒரு தப்புகூட இல்லாதவள். வீடு முழுக்க அதே பேச்சுதான். நான் துணி மடித்தால் என் மாமியார், அத்தை என்றுதான் கூப்பிடுவேன், பிரித்து மறுபடி மடிப்பார். "அவ மடிச்சா இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும்." கதவைச் சாத்தினால், "அவ சாத்தினா சாத்தினதே தெரியாது." அத்தை ஒன்றும் கொடுமைக்காரி இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போடுவார். போட்டுக்கொண்டே, "அவ காய்ச்சல்லகூட முனகமாட்டா" என்பார். செத்துப்போனவளோடு மனுஷி எப்படிப் போட்டி போடுவது? அவள் இனிமேல் ஒரு டம்ளரைக்கூடக் கை நழுவவிடப் போவதில்லை.

பேய் பிசாசு என்று நான் சொல்லவரவில்லை, அதையெல்லாம் நம்புகிற ஆளும் இல்லை. ஆனால் நான் தனியாக இருக்கிற மத்தியானங்களில் அவள் இருந்தாள். கதவைச் சாத்தும்போது என் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கதவு மெல்லச் சாத்திக்கொண்டால் அந்த மூச்சு விடுபடும். அடித்துச் சாத்திவிட்டால் அப்படியே நிற்கும். தப்பு எப்போது வருமென்று பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அந்த எரிச்சலில்தான் வகுப்பில் சேர்ந்தேன், கடையில் கூடுதல் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு. நல்ல எண்ணம் ஒன்றும் கிடையாது. அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு தப்பாவது இல்லாமலா போகும்? அதைக் கண்டுபிடித்து, என்றைக்காவது சாவகாசமாக அத்தை காதில் போடவேண்டும். கேவலம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆசிரியை என்னைவிடச் சின்னப் பெண். அந்த மொழியும் பயந்த அளவுக்கு இல்லை, வார்த்தை வரிசையெல்லாம் நம் பேச்சு போலவே வருகிறது. குளிராக இருந்தால் 'சமுய்'. குளிராக இல்லையென்றால் 'சமுகுநாய்'. "எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு நாய அவுத்து விட்டிருக்காங்களே" என்றார் பக்கத்து இருக்கை லாரிக்காரர். வகுப்பே சிரித்தது. வீட்டுப்பாடம், ஐந்து 'இல்லை', ஐந்து 'விட'. அக்காவின் பக்கமும் இதே பாடம்தான். "உங்க வீட்ல இருக்கறதப் பத்தியே எழுதிட்டு வாங்க. பொய் எழுதினா மனசுல நிக்காது" என்றாள் ஆசிரியை. 'இல்லை' நடத்தியபோதே, என் செருப்பு புதிதாக இல்லை என்று எழுதிப்போனேன். அதிலும் தப்பென்று சிவப்புச் சுழி விழுந்தது.

அந்தப் பெரியவரை அனுப்பிவிட்டு, அன்று கடையில் சொல்லிக்கொண்டு மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்தேன். முதல் ஷிப்ட் முடித்து வந்த வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அத்தை தரையில் உட்கார்ந்து காய்ந்த துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் பையைக்கூடக் கீழே வைக்காமல் சுவர் முன்னால் போய் நின்று, அக்கா எழுதியதை வாசித்தேன்.

நான் கெட்டிக்காரி இல்லை. நாத்தனார் என்னைவிடக் கெட்டிக்காரி. நான் மடிக்கிற துணி அழகாக இல்லை. நாத்தனார் மடிக்கிற துணி என்னுடையதைவிட அழகு. நான் சாத்துகிற கதவு அமைதியாக இல்லை.

ஐந்தாவது வரியிலேயே நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். அத்தை என்னிடம் சொல்கிற அதே பேச்சு. அப்போது ஒப்பிட்டுக் காட்ட, இன்னும் கல்யாணமாகிப் போகாத நாத்தனார் இருந்திருக்கிறாள், அவ்வளவுதான். தப்புத் தேடி வந்த எனக்கு ஒன்றுகூட அகப்படவில்லை. 'நான் நல்லவள் இல்லை' என்ற வரிக்குப் பக்கத்திலும் வாலை நீட்டி ஒரு அழகான டிக். திருத்தின பாவி, வாசித்துவிட்டா போட்டாள்? என் முதுகுக்குப் பின்னால் நின்றவளை நினைத்தேன். சத்தம் வந்துவிடக் கூடாதே என்று அவளும் பயந்துபோய்த்தானே மூச்சைப் பிடித்திருக்கிறாள்.

"என்ன, இன்னிக்குத்தான் பாக்கற மாதிரி பாக்கற?" என்றார் வீட்டுக்காரர்.

"எனக்கு இதப் படிக்கத் தெரியும்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் அப்படியே மலர்ந்தது. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பொய் சொல்லிவிடலாம். வானம் நீலம், வீடு பெரிது என்று பத்து வாக்கியம் இட்டுக்கட்ட எவ்வளவு நேரமாகும்? அவருக்கு அவருடைய பத்துக்குப் பத்து மிஞ்சும். நான் மடிக்க மடிக்க, அத்தை ஆயுசு முழுக்கப் பிரித்துக்கொண்டிருப்பார். உள்ளதைச் சொன்னாலோ, இந்த வீட்டில் என்னை வைத்திருப்பார்களோ என்னவோ.

"படியேன்" என்றார். "அம்மா, இங்க கேளு. இவளுக்குத் தெரியுமாம்."

படித்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். "என் கணவர் என்னைவிட அமைதியானவர்" என்று எட்டாவது வரியைச் சொன்னபோது அவர் லேசாகச் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் முகத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு இருந்தன. "இந்த வீடு சின்னதாக இல்லை. என் இடம் என் பெட்டியைவிடச் சின்னது."

"நா அவள ஒரு வார்த்த சொன்னதில்ல" என்றார் அத்தை. கையில் இருந்த துணி அப்படியே இருந்தது. "உங்கிட்டயே எத்தன தடவ சொல்லியிருக்கேன், அவ மாதிரி உண்டான்னு."

"அவங்க இருக்கும்போது சொன்னீங்களா அத்தை?"

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். அத்தையின் வாய் கோணியது. வீட்டுக்காரர் எழுந்துபோய்ச் சட்டத்தை இறக்கி, தரையில் குப்புற வைத்து, பின்பக்கத்து ஆணிகளை நகத்தாலேயே நெம்ப ஆரம்பித்தார். விரலில் ரத்தம் வந்தது. "விடுங்க" என்றேன். விடவில்லை. பக்கத்தை வெளியே எடுத்து, சுற்றி ஒட்டியிருந்த அட்டையை விலக்கினார். இத்தனை நாள் அட்டைக்கு அடியில் மறைந்திருந்த இடத்தில் பதினோராவதாக ஒரு வரி இருந்தது. பென்சிலில், கோணல்மாணலாக. படுக்கையில் கிடந்தபடி எழுதியிருக்க வேண்டும்.

அத்தை நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்தார்.

"இதுல எம்பேச்சு எங்க இருக்கு?"

"அத்தை, வேண்டாம்."

"காட்டும்மா."

அத்தையின் விரலைப் பிடித்து மூன்றாவது வரியில் வைத்தேன். விரல் வெகுநேரம் அங்கேயே இருந்தது. பிறகு தானாகவே கீழே இறங்கியது, ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் நின்று நின்று.

"இதுக்கு மட்டும் ஏன் டிக் இல்ல?"

"முடிக்கல அத்தை."

"என்னன்னு எழுதியிருக்கா?"

வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், காயம்பட்ட விரலாலேயே.

"'அடுத்து வர்றவ என்னைவிட'... அவ்வளவுதான். அதுக்கு மேல இல்ல."

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார். மின்விசிறிக் காற்றில் தாள் எழும்பி எழும்பி அடங்கியது. அந்த வரி நின்றுபோன இடத்தில், ஒன்றும் எழுதாத வெள்ளைக் காகிதத்தின் மேல், அத்தை விரலை வைத்து அதைப் பறக்கவிடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்.