இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளிய சாய்தளம்

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஆகட்டும்'. கட்டடம் கேட்டு வருகிறவர் எதைச் சொன்னாலும் அவர் வாயில் வரும் ஒரே வார்த்தை அது. தலையாட்டுவது அவர்; தலைவலி திட்டப் பொறுப்பாளரான எனக்கு.

இந்த முறை கட்டியது ஒரு நூலகம். அதற்குத் தலைமை நூலகராக என் அக்கா தேர்வாகியிருந்தாள். விபத்தில் கால்கள் போன பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடியே படித்துத் தேர்வு எழுதி, யார் சிபாரிசும் இல்லாமல் வாங்கிய வேலை.

எந்தத் திட்டத்துக்கும் முதலில் ஸ்கோப் எழுதுவோம். என்ன செய்வோம், என்ன செய்ய மாட்டோம் என்று எல்லை கட்டுவதுதான் அது. இதில் முதல் வரியே, யாராக இருந்தாலும் பிறர் உதவியின்றி உள்ளே வர வேண்டும் என்பது. அதற்காக வாசற்படியின் இடப்பக்கம் ஒரு சாய்தளம். நூலகத்தைக் கட்டித் தரச் சொன்ன நகராட்சி சேர்மன் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்.

பிறகு அவருடைய போன்கள் ஆரம்பித்தன. முதலில் அவர் படம் மாட்ட ஒரு சுவர். அடுத்து, தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு. கடைசியில் வாசலில் ஒரு நீரூற்று.

"எழுதிக் குடுங்க சார். எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் தள்ளும்னு பாத்துச் சொல்றேன்" என்றேன், ஸ்பீக்கரில் இருந்த போனைப் பார்த்து.

"நமக்குள்ள என்னம்மா எழுத்து? வாயால சொன்னா போதாதா?"

"ஆகட்டும் சார்" என்றார் எங்கள் ஆள்.

தேதியும் நகராது, பணமும் கூடாது, வேலை மட்டும் ஏறிக்கொண்டே போகும். அப்படியானால் ஏதாவது ஒன்றை வெட்டியாக வேண்டும். எதற்காகக் கத்தக் கூட்ட மேசையில் ஆள் இல்லையோ, அதைத்தான் வெட்டுவார்கள். நான் லீவு போட்ட ஒரே நாளில் கூட்டம் போட்டு, நீரூற்றை இடப்பக்கம் வைத்து, சாய்தளத்தை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள். எங்கள் தொழிலில் இரண்டாம் கட்டம் என்றால் வராத கட்டம். திரும்பி வந்து தொண்டை கிழியக் கத்தினேன். திறப்பு விழாவுக்குள் மரத்திலாவது ஒன்று செய்து போட்டுவிடுவதாக 'ஆகட்டும்' சத்தியம் பண்ணினார்.

விழா அன்று காலை நீரூற்று ஜோராகப் பீய்ச்சியது. மரத்துண்டு ஒன்றுகூட வரவில்லை. புதுப் புடவையில் வந்த அக்கா படிகளைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இதுக்கென்னம்மா, ரெண்டு பேர் தூக்கி விட்டுடுவாங்க" என்றார் சேர்மன்.

"தினமுமா சார்?" அக்கா கேட்டாள்.

"தினமும்தான். ஆள் போட்டுட்டாப் போச்சு."

"நடுவுல நான் வெளிய வரணும்னா? அவங்க டீ குடிக்கப் போயிருந்தா? நான் என்ன மூட்டையா சார், ஏத்தி எறக்க?"

அவள் குரலை உயர்த்தவில்லை.

சேர்மன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒப்படைப்புக் காகிதத்தை என் முன்னால் நீட்டிய 'ஆகட்டும்', "கையெழுத்தப் போட்டுச் சாவியக் குடும்மா, அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

சாவிக் கொத்தைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். ஒப்படைக்கிற வரைக்கும் கட்டடம் என் பொறுப்பு. பின்பக்கம் கரண்டி கழுவிக்கொண்டிருந்த கொத்தனாரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, இந்த நீரூற்ற உடைங்க. இங்க சாய்தளம் வருது."

"யாரக் கேட்டு உடைக்கிற?" சேர்மன் எகிறினார். "எழுத்துல எங்க இருக்கு?"

"நமக்குள்ள என்ன சார் எழுத்து? வாயால சொன்னா போதாதா?"

அவர் எங்கள் ஆள் பக்கம் திரும்பினார். "யோவ், நிறுத்தச் சொல்லுய்யா!"

"ஆகட்டும் சார்" என்றார் எங்கள் ஆள்.

"சார், இந்த வேலை போனாலும் பரவாயில்ல. உடைக்கச் சொல்றேன்" என்றேன் நான்.

"ஆகட்டும்மா."

கொத்தனார் சேர்மனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். குழாயை மூடிவிட்டுச் சம்மட்டியை எடுத்தார்.

முதல் அடி விழுந்ததும், தொட்டியில் தேங்கியிருந்த தண்ணீர் சேர்மனின் செருப்புக்குள் புகுந்தது. அக்கா நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, வேலை நடக்க இடம் விட்டாள்.