போடியார் வீட்டில் கழித்தல் கணக்கு

கந்தப்போடியாருக்கு நாற்பது ஏக்கர் வயல் இருந்தது, இருபது சோடி எருமை இருந்தது, எழுத்து மட்டும் ஒன்றுகூடத் தெரியாது. முதல் இரண்டையும் அவர் ஊருக்குச் சொல்லித் திரிவார். மூன்றாவதை ஊர் தனக்குள் சொல்லிச் சிரிக்கும். ஒருமுறை அரசாங்கக் கச்சேரியில் ஒரு கடதாசியைக் கையில் கொடுத்தபோது மனிதர் அதைத் தலைகீழாகப் பிடித்து, மேலும் கீழும் பார்த்து, "எல்லாம் சரியாத்தான் எழுதிக் கிடக்கு" என்று தலையாட்டிவிட்டார். வாசலில் நின்ற பியோன்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அன்றைக்கு வண்டியில் வீடு திரும்பும்போதே அவர் முடிவு கட்டிவிட்டார். தன் ஒரே மகள் புஸ்பம் படிக்கவேண்டும், கடதாசியை எந்தப் பக்கம் பிடிப்பதென்று கச்சேரிக்கே அவள் சொல்லிக்கொடுக்கவேண்டும்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு படிப்பு சரி. அதற்கு மேல் படிக்கக் கல்லடியில் பெண்பிள்ளைகளுக்கு விடுதியோடு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. மாசி மாதம் வரும் இன்ஸ்பெக்டர் "பாஸ்" என்று எழுதினால் புஸ்பத்துக்கு அங்கே இடம். எழுதாவிட்டால் அம்மியும் ஆட்டுக்கல்லும். இவ்வளவுதான் விஷயம்.

இதற்குள் வந்து சேர்ந்தார் நல்லரத்தினம் வாத்தியார். பயிற்சிக் கலாசாலையிலிருந்து இறக்கிய புதுச் சரக்கு, வெயிலிலும் கோட்டுக் கழற்றாத ஆள். பள்ளிக்கூடம் படிப்பிப்பது பாதிதான், மிச்சப் பாதியை வீடு படிப்பிக்கவேண்டும் என்றார். பிள்ளை தினமும் வீட்டுச் சாமான்களை வைத்துக் கணக்குச் செய்யவேண்டும், ஒரு பக்கம் உரத்து வாசிக்கவேண்டும், வீட்டைப்பற்றி ஐந்து வசனம் எழுதவேண்டும். தாய் தகப்பன் பக்கத்தில் இருந்து கேட்கவேண்டும். சம்பளம் வாங்குவது இவர், வேலை நமக்கா என்று ஊரே அவரைத் திட்டியது. கந்தப்போடியார் மட்டும் நெஞ்சை நிமிர்த்தினார்.

"எண்ணுறதுக்குச் சாமான் உள்ள வீட்டுக்குத்தானே இந்தப் பாடம்" என்றார்.

கார்த்திகையும் மார்கழியும் நன்றாகத்தான் போயின. தேங்காயைக் கூட்டினார்கள், எருமைக் காலைப் பெருக்கினார்கள். தையில் வெட்டு முடிந்து கதிர்க்கட்டுகளைக் களத்தில் சூடாகக் குவித்து வைத்ததும் சனியன் பிடித்தது.

சூட்டுக் களத்தில் பேச்சுக்கு ஒரு சட்டம் உண்டு. இல்லை, முடிந்தது, குறைந்தது, போய்விட்டது என்று எவனும் வாய் திறக்கக்கூடாது. அளக்கும்போது முதல் மரைக்காலை ஒன்று என்று எண்ணுவதில்லை, லாபம் என்றுதான் எண்ணவேண்டும். களத்தைச் சுற்றிப் பூதங்கள் காது கொடுத்துக்கொண்டு நிற்குமாம். குறைந்தது என்று ஒருவன் சொன்னால் உடனே குறைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்குமாம். அதுகளுக்கு வேறு என்ன சோலி? மற்றவர்கள் இந்தச் சட்டத்தைக் களத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். கந்தப்போடியாரின் களம் வீட்டு வளவுக்குப் பின்னால், ஒரு வேலி தள்ளித்தான் இருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் பூதத்துக்குக் காது கேட்காதென்று யார் உத்தரவாதம் தருவார்? அவருடைய தகப்பன் காலத்தில் ஒரு கூலிக்காரன் "முடிஞ்சுது" என்று சொல்லி வாய் மூடமுதல் சூடு தீப்பிடித்ததைப் பத்து வயதில் கண்ணால் கண்டவர் அவர். அந்த வருடம் முழுக்க அவர்கள் வீட்டில் மரவள்ளிக்கிழங்குதான். ஆகவே வீடும் களத்துச் சட்டத்துக்குள் வந்தது.

அன்று பின்னேரம் புஸ்பம் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"நூறு மூடை நெல்லில முப்பத்தேழு மூடை வெள்ளத்தில போனா..."

கந்தப்போடியார் பாயிலிருந்து துள்ளி எழும்பினார். "ஆர்ர நெல்லு?"

"கணக்குல உள்ள நெல்லுப்பா."

"கணக்குல உள்ள நெல்லு ஏன் நம்மட வீட்டுக்குள்ள வந்து போகுது? போனா எண்டு சொல்லாத மனே. வந்தா எண்டு சொல்லு."

வந்தால் நூற்று முப்பத்தேழு. போடியாருக்கு வாயெல்லாம் பல். அடுத்த நாள் வாத்தியார் அதில் பிழை என்று பெரிதாகக் கீறி அனுப்பினார். வாத்தியாருக்குக் கண்ணூறு, நம்மட நெல்லைப் பார்த்து வயிறு எரியுது என்றார் போடியார்.

வாசிப்பும் இதே கதிதான். புத்தகத்தில் ஒரு குயவனின் பானை உடைகிற கதை வந்தது. பானை உடையக்கூடாதென்று போடியார் தடுத்துவிட்டார். பானை உடையாவிட்டால் குயவன் அழமாட்டான், அழாவிட்டால் ராசா அந்த வழியே வரமாட்டார். "ஒரு ஊரில் ஒரு பானை இருந்தது" என்பதோடு அன்றைய வாசிப்பு சரி. எழுத்து அதைவிட மோசம். கீரி கொண்டுபோன கோழியைப்பற்றிப் புஸ்பம் எழுதியிருந்தாள். வாசித்துக் காட்டியதும் அழிக்கச் சொன்னார். "எங்கள் கோழி சுகமாக இருக்கிறது" என்று எழுதிக்கொண்டு போனாள். அந்தக் கோழியின் செட்டை இறகு முழுக்க வாத்தியார் வீட்டு வாசலில்தான் சிதறிக் கிடந்தது.

ஒன்றை மறக்காமல் சொல்லவேண்டும். தகப்பனுக்கு எழுத்துத் தெரியாது. அந்தப் பிள்ளை நினைத்திருந்தால் ஒன்றை எழுதிவிட்டு வேறொன்றை வாசித்துக் காட்டியிருக்கலாம். ஒருநாளும் அவள் அப்படிச் செய்யவில்லை.

"உங்கட பூதமும் மூண்டாம் வகுப்பா படிக்குது?" என்று மனைவி ஆச்சிப்பிள்ளை குசினி அடுப்படியில் இருந்து கேட்டாள். போடியார் காது கேளாதவர்போல் வெற்றிலையைத் துடைத்தார்.

கடைசியில் வாத்தியாரே கோட்டோடு வந்து நின்றார்.

"போடியார், புள்ள கெட்டிக்காரி. கூட்டுறாள், பெருக்குறாள். கழிக்கச் சொன்னா மட்டும் வாயப் பொத்திக்கொள்ளுறாள். இப்பிடியே போனா இன்ஸ்பெக்டர் பெயில் எண்டுதான் எழுதுவார்."

"நெல்லு அளந்து முடியட்டும் வாத்தியார். மறுகா எவ்வளவு வேணுமெண்டாலும் கழிக்கட்டும்."

"எப்ப அளக்கிறீங்க?"

"மாசி பத்தொன்பது."

"அவர் பதினெட்டில வாறார்" என்று வாத்தியார் தலையில் கை வைத்தார்.

பதினெட்டாம் தேதி வந்தது. தூற்றிய நெல் களத்தில் மலையாகக் குவிந்து கிடந்தது, அளக்கவில்லை. பள்ளிக்கூடத்து அரைச்சுவரைச் சுற்றித் தாய் தகப்பன்மார் மொய்த்து நின்றார்கள். கந்தப்போடியார் பட்டுச் சால்வையைப் போட்டுக்கொண்டு முன்னுக்கு நின்றார். இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்து மனிதர், தொப்பைக்குப் பொத்தான் பூட்ட முடியாத கோட்டு, மத்தியானச் சாப்பாட்டு நினைப்பு.

புஸ்பம் தடங்கலில்லாமல் வாசித்தாள். சொல்லச் சொல்லப் பிழையில்லாமல் எழுதினாள். போடியார் சுற்றியிருந்தவர்களை ஒரு பார்வை பார்த்தார்.

"சரி, ஒரு மனக்கணக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். "உன்ரை அப்பாவிட்டைப் பன்னிரண்டு எருமை நிக்குது. அதிலை அஞ்சு செத்துப்போச்சுது. மிச்சம் எத்தினை?"

புஸ்பம் அரைச்சுவரைப் பார்த்தாள். தகப்பனின் முகம் சாம்பலாகிப்போயிருந்தது. அவள் பலகையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள்.

"தெரியாதோ?"

"அதுகள் சாகாது ஐயா."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் பேனையை எடுத்து மூடியைக் கழற்றினார்.

கந்தப்போடியார் அந்தப் பேனையைப் பார்த்தார். ஒரு வருடத்து உழைப்பு முழுக்க அங்கே களத்தில் கிடக்கிறது. தீப்பிடித்த சூட்டின் புகை இன்றைக்கும் அவர் மூக்கில் இருக்கிறது. அவருக்குப் பயம், அப்பட்டமான பயம். பேனை முனை கடதாசியை நோக்கி இறங்கியது.

"செத்துப்போச்சு மனே" என்று அவர் சுவருக்கு மேலால் எட்டிக் கத்தினார். "அஞ்சும் செத்துப்போச்சு. நான் என்ட கண்ணால கண்டன். சொல்லு."

ஊரார் தங்கள் களங்கள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்கள், அவர்களுடைய நெல்லும் அளக்காமல்தான் கிடந்தது.

"ஏழு" என்றாள் புஸ்பம்.

இன்ஸ்பெக்டருக்கு இது பிடித்துப்போனது. "அந்த ஏழிலை மூண்டு களவு போச்சுது."

"நாலு."

"நூறு மூடை நெல்லிலை முப்பத்தேழு மூடை வெள்ளத்திலை..."

"அறுபத்துமூண்டு" என்றாள், வெள்ளம் வந்து சேரமுதல்.

அதற்குப் பிறகு அந்த மனிதர் போடியாரின் சொத்தில் கை வைத்தார். தென்னையை யானை முறித்தது, ஆட்டைப் புலி தின்றது, நெல்லை எலி கொண்டுபோனது. புஸ்பம் சளைக்கவில்லை. போடியார் சுவரைப் பிடித்துக்கொண்டு வேர்த்து வடிய நின்றார்.

"கடைசி. அந்த மிஞ்சின நாலு எருமையும் ஆத்தோடை போச்சுது."

"ஒண்டுமில்ல ஐயா" என்றாள் பிள்ளை, ஊருக்கே கேட்க.

கந்தப்போடியார் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது இன்ஸ்பெக்டர் "பாஸ்" என்று எழுதி முடித்திருந்தார்.

"வீட்டில ஒருநாளும் கழிக்கயில்ல, எப்பிடிப் புள்ள பழகினாய்?" என்று வாத்தியார் வாசலில் வைத்துக் கேட்டார்.

"அப்பா வந்தா எண்டு சொல்லச் சொன்ன கணக்கயெல்லாம் மனசுக்குள்ள போனா எண்டும் செஞ்சு பார்த்தன் வாத்தியார். மனசுக்குள்ள பூதம் வராதுதானே."

பின்னால் வந்த போடியாருக்கு இது நன்றாகக் கேட்டது. சால்வையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்து நடந்தார்.

அடுத்த நாள் அளந்தார்கள். போன வருடத்தைவிட நாலு அவணம் நெல் கூடுதல். பூதம் ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று கேட்டவர்களுக்குப் போடியாரிடம் பதில் இருந்தது. "இன்ஸ்பெக்டர் பேசினது யாழ்ப்பாணத் தமிழ். நம்மட பூதத்துக்கு அது விளங்கயில்ல."

"நீங்க கத்தினது?" என்றாள் ஆச்சிப்பிள்ளை. போடியார் எழும்பி மூடைகளை மறுபடி எண்ணத் தொடங்கினார்.

சித்திரை வருடப்பிறப்பு போனதும் புஸ்பத்தைத் தகரப் பெட்டியோடு தோணியில் ஏற்றிக் கல்லடிக்கு அனுப்பினார்கள். வாத்தியார் கூடப் போனார். கரையில் நின்ற போடியார், என் மகள் இனிக் கச்சேரிக்கே கடதாசி எழுதுவாள் என்று கண்டவன் நின்றவனுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தோணி வாவி நடுவில் ஒரு புள்ளியாகும் வரைக்கும் சொன்னார்.

பொழுதுபட்டதும் ஆச்சிப்பிள்ளை குசினிக்குள் இருந்து குரல் கொடுத்தாள். "அந்தச் சோத்துக் கோப்பைகள எடுத்து வையுங்க."

போடியார் கோப்பைகளைப் பாயில் வைத்தார். "லாபம், ரெண்டு, மூண்டு." கை அப்படியே நின்றது. மூன்றாவது கோப்பை சின்னது, விளிம்பில் நீலப்பூ போட்டது.

"இஞ்ச, ஆச்சிப்பிள்ளை" என்றார். "மூண்டில ஒண்டு போனா எத்தினை?"

அவள் சோற்றுப் பானையோடு வந்து நின்றாள். அந்த மனிதர் வாயால் அப்படி ஒரு கணக்கை அவள் கேட்டதே இல்லை.

"ரெண்டு" என்றாள். "சோறு ஆறுது, இருங்க" என்று சொல்லிக்கொண்டு சின்னக் கோப்பையை எடுத்துப்போய்க் கழுவிக் கவிழ்த்தாள்.