கால் நீண்ட சிலுவை

கடலோரத் திரேஸ்புரத்தில் ஜெஸ்மியின் தெருக்காரர்கள் ஆன்லைனில் எதையாவது வாங்க வேண்டுமென்றால் அவளைத்தான் தேடி வருவார்கள். குக்கருக்கு கேஸ்கட், பிள்ளைகளுக்கு ஷூ, எதுவானாலும் அவள் போனில்தான் ஆர்டர் ஆகும். துறைமுகத்தை ஒட்டிய ஒரு ஏற்றுமதி ஆபீஸில் நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள். அதனால் திரையில் வருவதெல்லாம் அவளுக்குப் புரியும் என்று தெரு நம்பியது. அந்த நம்பிக்கை அவளுக்கும் பிடித்திருந்தது.

எதிர்வீட்டு பிளாரன்ஸ் கேட்டது ஒரு மடக்குக் கத்தி. அவள் கணவர் ஃபிராங்க்ளின் சங்கு குளிப்பவர். போன வருடம் கடலடியில் யாரோ விட்டுப்போன அறுந்த வலையில் அவர் கால் மாட்டிக்கொண்டது. கூட இறங்கிய ஜெரால்டு கண்டு அறுத்துவிட்டதால் பிழைத்தார். அன்றிலிருந்து, அவர் இடுப்பில் சொந்தமாக ஒரு நல்ல கத்தி இருக்க வேண்டும் என்பது பிளாரன்ஸின் ஆசை.

"பொறந்தநாளுக்குக் கொடுக்கணும்ளா. கப்பல்காரவுங்க வச்சிருப்பாங்கல்லா, சுவிஸ் கத்தி, செவப்பா, சிலுவை போட்டு. அதுல பெருசு, பூட்டு வச்சது ஒண்ணு பாரு."

ஜெஸ்மி தேடினாள். ஒன்றுபோலவே இரண்டு கத்திகள் வந்தன. ஒன்றில் சின்னக் கேடயத்துக்குள் நான்கு பக்கமும் ஒரே அளவான குட்டைச் சிலுவை. மற்றதில் கேடயம் இல்லை. கோயில் கோபுரத்தில் நிற்பதுபோல் கீழ்க்கால் நீண்ட சிலுவை. விலையும் பாதிதான்.

"இது என்னக்கா, பள்ளிக்கூடத்துக் கூட்டல் குறி மாதிரி இருக்கு. மத்ததுல இருக்கதுதான் நம்ம சிலுவை."

"ஆமாளா, கர்த்தர் தொங்குன மாதிரியே இருக்கு. கடலுக்குள்ள போற மனுசனுக்கு அதுதான் வேணும். அதையே போடு."

சிலுவையைப் பார்த்த இருவரும் கத்தியைப் பார்க்கவில்லை.

பிறந்தநாள் அன்று ஜெஸ்மியே பெட்டியைக் கொண்டு போனாள். கத்தியை எடுத்து ஃபிராங்க்ளினிடம் நீட்டியபோது பிளாரன்ஸ் அவள் மணிக்கட்டைத் தட்டினாள்.

"ஏளா, கத்தியைக் கையில குடுக்காத. சண்டை வந்துரும். கீழ வையி, அவுக எடுத்துக்கிடட்டும்."

ஜெஸ்மி மேசைமேல் வைத்தாள். ஃபிராங்க்ளின் எடுத்து விரித்தார். கட்டைவிரலால் அலகை மெல்ல அசைத்துப் பார்த்தார்.

"லேசா ஆடுதே."

"புதுசு அப்படித்தாண்ணே. பழகப் பழக இறுகிரும்." அப்படி அவள் எங்கும் கேட்டதில்லை. வாய் முந்திக்கொண்டது.

"எங்க வீட்டுக்காரி மாதிரின்னு சொல்லு. கல்யாணத்தப்போ கொஞ்சம் தளர்வாத்தான் இருந்தா."

"நான் இறுகலைன்னா நீங்க இந்நேரம் சிலோனுக்கு மிதந்து போயிருப்பீய," என்றாள் பிளாரன்ஸ். ஜெஸ்மி வயிறு வலிக்கச் சிரித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் கத்தியை மந்திரித்தும் வாங்கினார்கள்.

அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜெஸ்மியின் போனில் ஒரு வீடியோ வந்தது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இரண்டு சிவப்புக் கத்திகளைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். "சிலுவையப் பாருங்க. நாலு கையும் ஒரே அளவா, கேடயத்துக்குள்ள இருக்கோணுங்க. கால் நீண்டிருந்துச்சுன்னா அது எவனோ அவன் இஷ்டத்துக்குப் போட்டதுங்க." அலகின் அடியில் கம்பெனி பெயர் வெட்டியிருக்க வேண்டும் என்றார். பூட்டு ஆடவே கூடாது, ஆடினால் அழுத்தும்போது அலகு கைமேல் மடங்கும் என்றார்.

பாதிச் சோற்றில் கையைக் கழுவினாள். ஜெஸ்மி தன் ஆர்டரைத் திறந்தாள். கடையின் பெயர் வாயில் நுழையாத எழுத்துக் குவியல். இரண்டு மாதத்துக்கு முன்னால் தொடங்கியிருந்தார்கள். வாங்கியவர்கள் பெயர் வேறு வேறாக இருந்தாலும் பாராட்டுகள் எல்லாம் ஒரே வாக்கியம். பெட்டியின் படத்தைப் பெரிதாக்கினாள். சுவிட்சர்லாந்து என்பதன் ஆங்கில எழுத்துகளில் ஒன்று குறைந்திருந்தது. இவ்வளவும் முதல் நாளே அங்கேதான் இருந்தது. ஆபீஸில் பில்லில் ஒரு எழுத்து மாறினால் சரக்கையே நிறுத்துகிறவள் அவள்.

திருப்பி அனுப்ப இன்னும் அவகாசம் இருந்தது. அன்று சாயங்காலமே சொல்லிவிடத்தான் எதிர்வீட்டுக்குப் போனாள். வாசலில் பிளாரன்ஸ் மீன்காரப் பிச்சம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"எங்க ஜெஸ்மி பார்த்து வாங்குனது. அவ கண்ணுல ஒண்ணும் தப்பாது, பாத்துக்கோ."

ஜெஸ்மி ஒரு தம்ளர் சர்க்கரை கடன் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

அதன் பிறகு மனதுக்கு மருந்து தேடினாள். மந்திரித்த பொருளை எப்படித் திருப்பி அனுப்புவது? அந்த அண்ணன் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு போனாலும் மாங்காய்தானே வெட்டுகிறார்? செபமாலை சொல்லும்போது மாதாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மாதாவிடம் சொல்வது எளிது. மாதா எதிர்வீட்டில் குடியிருக்கவில்லை. சொல்ல வேண்டியவள் எதிர்வீட்டில் இருக்க, ஜெஸ்மி தினமும் கோயிலில் முழந்தாளிட்டாள். திருப்பி அனுப்பும் நாளும் கடந்தது. தெரியாமல் வாங்கியதைக் கடவுள் கணக்கில் வைக்கமாட்டார். தெரிந்தபின் வாங்கிவந்த அந்தச் சர்க்கரையை வைப்பார். அதுவும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஆபீஸில் இருக்கும்போது பிளாரன்ஸ் போனில் அழுதாள். வள்ளத்தின் மோட்டார் விசிறியில் பழைய வலை சுற்றிக்கொண்டதாம். ஃபிராங்க்ளின் தண்ணீரில் இறங்கி அறுக்கும்போது கத்தி மடங்கி விரல்களில் இறங்கிவிட்டதாம். பெரியாஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். ஆள்காட்டி விரலின் நரம்பு அறுந்திருந்தது, ஒட்டித் தைத்திருக்கிறார்கள். மடங்க நாளாகும், பழையபடி பிடி வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். வலது கை. சங்கைப் பெயர்த்து எடுக்கும் கை.

அவர் வீட்டுக்கு வந்த மறுநாள் ஜெஸ்மி பார்க்கப் போனாள். ஃபிராங்க்ளின் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிளாரன்ஸ் டீ கொண்டுவந்து வைத்தாள். கத்தி ஜன்னல் விளிம்பில் கழுவித் துடைத்து வைத்திருந்தது.

"மூஞ்சியை ஏன் இப்படி வச்சிருக்க? தப்பு என்மேலதான்," என்றார் ஃபிராங்க்ளின். "முழுசா விரிக்காம அழுத்திட்டேன். அவசரம். நல்ல கத்தியைக் குத்தம் சொல்லக் கூடாதுல்லா."

ஜெஸ்மி டீத் தம்ளரைக் கையில் எடுத்தாள். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். தன் கை போன வலியிலும் அவள் வருந்தக் கூடாது என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிற மனிதர் முன்னால் என்ன செய்வது?

"ஜெரால்டும் இதே மாதிரி ஒண்ணு வேணும்னு சொல்லுதான்," என்றார் அவர். "நான்தான் இனி கொஞ்ச நாளைக்குக் கரையில. அவனுக்கு ஒண்ணு போட்டுவிடு."

ஜெஸ்மி தம்ளரைக் கீழே வைத்தாள்.

"வேண்டாம்ணே. அது கள்ளக் கத்தி."

"என்னது?"

"நீங்க நல்லாத்தான் விரிச்சிருப்பீய. பூட்டுதான் சரியில்ல. அந்தச் சிலுவையே தப்பு. ஒரிஜினல்ல கூட்டல் குறி மாதிரிதான் இருக்குமாம். அலகுல பேரு இல்ல, பெட்டியில எழுத்துப்பிழை. எனக்குத் தெரியும்ணே. அப்பவே தெரியும்."

பிளாரன்ஸ் அடுப்படி வாசலில் நின்றுவிட்டாள். "எப்போ?"

"மந்திரிச்ச மறுவாரம். சொல்லத்தான்க்கா வந்தேன். சர்க்கரை வாங்கிட்டுப் போனேன்லா, அன்னைக்கு."

"அதுக்கப்புறமும் தெனமும் இந்த வீட்டுக்கு வந்த ஜெஸ்மி." பிளாரன்ஸ் ஏளா என்று சொல்லவில்லை. "அவுக காலையில இடுப்புல அதைக் கட்டிக்கிட்டுப் போறதைப் பார்த்துக்கிட்டே, போயிட்டு வாங்கண்ணேன்னு சொன்ன."

"சொன்னேன்."

ஃபிராங்க்ளின் எழுந்து இடது கையால் கத்தியை எடுத்தார். புதிதாகப் பார்ப்பவர்போல் சிலுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஜெஸ்மி எழுந்து அவர் முன்னால் கையை நீட்டினாள். "கையிலயே தாங்கண்ணே. சண்டை வரட்டும். வாயில வந்தபடி திட்டுங்க."

அவர் கை பாதி வந்தது. அதற்குள் பிளாரன்ஸ் வேகமாக வந்து அவர் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கினாள். ஜெஸ்மி கண்ணை மூடிக்கொண்டாள். கத்தி மரத்தில் படும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது அது மேசைமேல், டீத் தம்ளருக்குப் பக்கத்தில் இருந்தது.

"எடுத்துக்கோ," என்றாள் பிளாரன்ஸ். குரல் இளகவில்லை. ஆனால் கத்தியை அவள் கீழேதான் வைத்தாள்.

ஜெஸ்மிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அழட்டும் என்று இருவரும் விட்டார்கள்.

பிறகு ஃபிராங்க்ளின்தான் பேசினார். "அழுதா என் விரல் மடங்குமா? இதை இன்னும் எத்தனை பேரு வாங்குவாங்களோ. அங்கன எழுதுற எடம் இருக்கும்லா?"

இருந்தது. போனில், அந்தக் கத்தியின் விற்பனைப் பக்கத்தில், ஒரே வாக்கியத்துப் பாராட்டுகளுக்குக் கீழே, ஜெஸ்மி தமிழிலேயே எழுத ஆரம்பித்தாள். ஃபிராங்க்ளின் இடது கையால் கத்தியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டார். அவள் சிலுவையைப் படமெடுத்தாள். பூட்டு ஆடுவதை எழுதினாள். அலகின் அடியில் பெயர் பாருங்கள், கடை என்று தொடங்கியது என்று பாருங்கள், பாதி விலை என்றால் யோசியுங்கள் என்று எழுதினாள். ஒரு சங்கு குளிப்பவரின் கை போனது என்று எழுதினாள். அதன் கீழே, எனக்குத் தெரிந்தும் நான் சொல்லவில்லை என்றும் சேர்த்தாள்.

பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த பிளாரன்ஸ் ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு சூடாக்கப் போனாள். அடுப்படியிலிருந்து அவள் குரல் வந்தது.

"நல்ல கத்தியைக் கூட்டல் குறின்னு சொல்லிக் கழிச்சோம்லா ஏளா, அதையும் எழுது."