ஆரஞ்சுப் பசை ஒட்டிய ஐந்து போல்ட்

என் கையில் அழுக்கு நிற்காது. சிப்காட் ரோட்டில் ஜெயராஜ் சாருடைய இன்ஜின் ஷெட்டில் ஒன்பது வருஷமாகப் பார்ட்ஸ் கழுவுகிறேன். பிரித்துப் போட்ட இன்ஜினின் ஒவ்வொரு துண்டும் என் டீசல் தொட்டியில் குளித்த பிறகுதான் மறுபடி மாட்டப்படும். அப்படிப்பட்ட என்னைப் பார்த்து, மேரி சரியாகக் கழுவவில்லை என்று துளசிராமன் அண்ணன் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருமா வராதா?

விஷயம் இதுதான். ஆரணி அரசப்பனின் காரை வால்வு வேலைக்காகப் பிரித்தோம். அதுவரை தண்ணீரே குறையாத வண்டி, எங்கள் கைபட்ட பிறகு ரேடியேட்டர் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்தது. இன்ஜின் ஆயிலில் தண்ணீர் கலந்து பால் டீ நிறத்தில் வந்தது. ஷெட்டில் மூத்த மெக்கானிக் துளசிராமன். அவர் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, இடையில் கசிவை அடைக்கும் கேஸ்கெட் தகட்டைப் புதிதாகப் போட்டு மூடினார். பத்தே நாளில் மறுபடி பால் டீ. அரசப்பன் ஷெட் வாசலில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டுப் போனார். கேஸ்கெட் உட்காரும் இடத்தில் அழுக்கு இருந்திருக்கிறது, கழுவினவளைக் கேளுங்கள் என்று துளசிராமன் பழியை என் தலையில் தூக்கிப் போட்டார். இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக ஜெயராஜ் சார் சொல்லிவிட்டார். எனக்கு நாற்பத்திரண்டு வயசு. இனி கும்மிடிப்பூண்டியில் எந்தக் கம்பெனியும் என்னை வாசலுக்குள் விடாது.

சரி, நானே பார்த்துவிடுகிறேன் என்று முடிவுகட்டினேன். மூன்றாவது முறையாக ஹெட்டைக் கழற்றி வைத்துவிட்டு எல்லாரும் நாஷ்டாவுக்குப் போனார்கள். நான் போகவில்லை. கேஸ்கெட் உட்காரும் பரப்பை வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணி வெள்ளையாகவே வந்தது. பிறகு ஹெட் போல்ட் இறங்கும் பத்து ஓட்டைகளைப் பார்த்தேன். துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி ஒவ்வொன்றிலும் விட்டேன். ஒரு வரிசையில் ஐந்திலும் ஈர்க்கு அடியில் முட்டி நின்றது. எதிர் வரிசை ஐந்திலும் முட்டவே இல்லை. வெளியே எடுத்தால் நுனியில் பச்சைத் தண்ணீர், கூலன்ட். அந்த ஓட்டைகள் தண்ணீர் ஓடும் இடத்துக்கே திறந்திருந்தன. போல்ட்டின் மரை வழியாகத் தண்ணீர் மேலே ஏறி ஆயிலில் கலந்திருக்கிறது.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. முதல் முறை கழுவும்போது ஐந்து போல்ட்டின் மரையில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. கம்பி பிரஷ்ஷுக்கும் அது போகாததால், பிளேடு வைத்துச் சுரண்டி எடுத்தேன். பளபளத்த போல்ட்டைப் பார்த்துப் பெருமை வேறு பட்டுக்கொண்டேன். அது அழுக்கே இல்லை. தண்ணீர் ஏறாமல் மரையை அடைக்க, கார் செய்தவன் பூசி அனுப்பிய பசை. துளசிராமன் வழக்கம்போலப் பத்து போல்ட்டிலும் ஆயில் தடவி முறுக்கிவிட்டார். ஆயில் போல்ட்டைச் சிக்காமல் இறங்க வைக்கும், தண்ணீரை நிறுத்தாது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னொரு கேஸ்கெட் போடுவார்கள், வண்டி திரும்பி வரும், என் வேலை போகும். சொன்னாலோ, சுரண்டியது நான்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; வேலை இன்றைக்கே போகும். எப்படியும் போகிற வேலை, இந்த இன்ஜினையாவது சரியாக மூடிவிட்டுப் போகிறேன் என்று துணிந்துவிட்டேன்.

ஜெயராஜ் சார் உள்ளே வந்ததும் ஈர்க்கை நீட்டினேன்.

"சார், இந்த அஞ்சு போல்ட்ல பேஸ்ட் இருந்துச்சு. அழுக்குன்னு நெனச்சிக்கினு நான்தான் சொரண்டி எட்த்தேன். ஆயில் போட்டா தண்ணி நிக்காது. பேஸ்ட்தான் போடணும்."

துளசிராமன் சிரித்தார். "பாத்தீங்களா சார், அவளே ஒத்துக்கினா. இருவது வருசமா நான் ஆயில்தான் போட்டுக்கினு கீறேன்."

அந்தச் சிரிப்புக்காகவே நான் விடவில்லை. ஐந்து ஓட்டையிலும் திரும்ப விட்டுக் காட்டினேன். சார் ஈர்க்கை வாங்கி அவரே ஒருமுறை விட்டுப் பார்த்தார். நுனியைக் கட்டைவிரலில் தேய்த்தார். அவள் சொன்னபடி செய், தண்ணீர் ஏறினால் அவள் கிளம்பட்டும் என்றார். அந்தப் பசையைத் தொட மாட்டேன் என்று துளசிராமன் ஒதுங்கிக்கொண்டார்.

தொடாவிட்டால் போகட்டும். நானே உட்கார்ந்தேன். ஓட்டைகளை ஊதித் துடைத்துக் காயவைத்தேன். ஐந்து போல்ட்டின் மரை முழுக்கப் பேஸ்ட் பூசி, தலைக்கு அடியில் மட்டும் ஆயில் வைத்தேன். மற்ற ஐந்துக்கு மரையிலும் ஆயில், ஓட்டைக்குள் தேங்காத அளவுக்கு. கார் கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருந்த வரிசையில், சுற்றுச் சுற்றாக, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரென்ச் டக்கென்று சொல்லும்வரை இறுக்கினேன். ஒன்பது வருஷம் பக்கத்திலிருந்து பார்த்த வேலை. ஒரு சுற்றும் தப்பவில்லை.

மறுநாள் தண்ணீர் நிரப்பி, பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றினார்கள். ஒரு மணி நேரம் பம்ப்பின் அளவு முள் அசையவில்லை. நானும் அசையாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அரசப்பன் ஒரு மாதம் ஓட்டிவிட்டு வந்தார். ஆயில் ஆயிலாகவே இருந்தது. இனிமேல் சுரண்டுவதற்கு முன்னால் கேள் என்று மட்டும் சார் சொன்னார். சுருக்கென்றது, ஆனால் நியாயம்தான்.

போன வாரம் பொன்னேரியிலிருந்து ஓர் இன்ஜின் வந்தது. ஹெட்டைக் கழற்றிய துளசிராமன், போல்ட்டுகளை எப்போதும்போலத் தொட்டியில் வீசாமல் என் எதிரே ட்ரேயில் அடுக்கி வைத்தார். எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்:

"மேரி, இதுல எது எது தண்ணிக்குப் போவுது?"

நான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி அவர் கையில் கொடுத்தேன்.

"நீயே உட்டுப் பாருண்ணா. அதுவரிக்கும் நான் தேய்க்க மாட்டேன்."