விரல்களுக்கு நடுவில்

"உன் விரல் அஞ்சும் தனித்தனியா எப்படி வந்துச்சு, சொல்லு பாப்போம்?" என்று அறிவியல் டீச்சர் என்னைத்தான் கேட்டார், வகுப்பில் அத்தனை பேர் இருக்க என்னை, நான் எழுந்து நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், கை பதில் சொல்லிவிடும் என்பதுபோல... பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "கத்திரிக்கோல் வச்சு வெட்டிட்டாங்க டீச்சர், அவ அம்மா டெய்லர்" என்றாள், எல்லோரும் சிரித்தார்கள், டீச்சரும் சிரித்தார், என்னை உட்காரச் சொல்லிவிட்டு, "வெட்டுறதுன்னும் சொல்லலாம்" என்றார். வயிற்றுக்குள் கை முதலில் துடுப்பு மாதிரிதான் இருக்குமாம், விரலே கிடையாது, அப்புறம் ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குச் சேதி போகும், விரலாகப் போகிற இடத்துச் செல்கள் அதைக் கேட்டு எலும்பாகத் தொடங்கும், நடுவில் இருக்கிற செல்கள் அதே சேதியைக் கேட்டுச் செத்துப்போகும், அவை போனால்தான் விரல் விரலாகும்... ஒரே சேதியா என்று கேட்க நாக்கு வரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை, வேறு யாரோ கேட்டார்கள். "ஒரே சேதிதான். அந்த செல் எங்க நிக்குது, அதுக்கு முன்னாடி என்னென்ன கேட்டிருக்கு, அதப் பொறுத்து அது பண்றது மாறும்." அந்த வருடத்தோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது, அம்மாவுக்கு முதுகுவலி, சட்டைகளுக்குப் பட்டன் துளை தைக்க, காஜா எடுக்க, ஒரு ஆள் வேண்டியிருந்தது, எனக்கும் இனி யார் முன்னாலும் எழுந்து நிற்க வேண்டாம் என்ற நிம்மதி... மற்றதெல்லாம் மறந்துபோய் இந்த ஒன்று மட்டும் கூடவே வந்துவிட்டது.

இன்றைக்கும் காஜாதான் எடுத்துக்கொண்டிருந்தேன், மூன்றாவதா நான்காவதா, எண்ணிக்கை தவறிக்கொண்டே இருந்தது, எதிரே அத்தான், சற்றுத் தள்ளி அக்கா. அக்காவின் கணவர், லிஃப்ட் பழுது பார்ப்பவர், "நம்ம பொழப்பே ஏறி இறங்குறதுதான்" என்று தானே சொல்லித் தானே சிரிப்பவர். வாசலில் கால் வைக்கும்போதே, "என்ன ஊமைக்கோட்டான், இன்னைக்கு எத்தனை வார்த்தை பேசின?" என்பார், நான் விரலைக் காட்டுவேன், இரண்டு, மூன்று, "அடேயப்பா, தொண்டை வறண்டிருக்குமே, தண்ணி குடி" என்பார், அக்காவுக்குச் சிரிப்பு தாங்காது. இன்று கேட்கவில்லை. அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கே வந்தவள், அதற்குப் பிறகு அத்தான் இன்றுதான் வருகிறார், கையில் ஒரு பை, அதற்குள் அவள் ஆஸ்பத்திரியிலேயே விட்டுவந்த செருப்பு. அறுந்திருந்த வாரைத் தைத்திருந்தார். பையை வாசற்படிக்கு அருகில் வைத்தார்... போட்டுக்கிட்டு வா என்றா, உன் பொருளை நீயே வச்சுக்கோ என்றா? அம்மா அதை ஒரு பார்வை பார்த்தாள், மேஜைமேல் இருந்த சட்டைகளை அள்ளிக்கொண்டு, "கடையில குடுத்துட்டு வந்துடறேன்" என்று போய்விட்டாள். அதிலெல்லாம் பட்டனே வைக்கவில்லையே, யார் வாங்குவார்கள்... என்று நினைத்தேன், கூப்பிட்டுச் சொல்லவில்லை.

டாக்டர் சொன்னதும் ஒரே சேதிதான். "யார் மேலயும் தப்பில்லம்மா. சில சமயம் துடிப்பு தானா நின்னுடும்." நானும் அங்கே நின்றேன். தப்பில்லை என்றால் பேசவும் ஒன்றுமில்லை என்று அத்தான் எடுத்துக்கொண்டார் போல, மறுநாளே ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார், அக்காவோ, தானா என்றால் என் வயிற்றுக்குள்தானே என்று... அதற்கு முந்தைய ஸ்கேனில் குழந்தையின் கை தெரிந்தது, ஸ்கேன் எடுத்த பெண் "பாருங்க, டாட்டா காட்டுது" என்றாள், அத்தான் பதிலுக்குக் கையாட்டினார், திரையைப் பார்த்து, அவ்வளவு பெரிய ஆள். இங்கே வந்தபின் அக்கா அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினாள், துணி மடித்துக்கொண்டே, "விரல் எல்லாம் பிரிஞ்சிருந்துச்சுடி. அஞ்சும்." அப்படியென்றால் அத்தனை சேதியையும் சரியாகக் கேட்டிருக்கிறது, போக வேண்டியவை போயிருக்கின்றன, நிற்க வேண்டியவை நின்றிருக்கின்றன, அதற்குப் பிறகு எந்தச் சேதி வராமல் போனது, இல்லை வந்தும்... அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் அது ஆறுதலா, வெந்த புண்ணில் வேலா?

அத்தான் தொண்டையைச் செருமினார். "நான் அன்னைக்கு வேலைக்குப் போனது..." என்றார், என்னைப் பார்த்தார், நிறுத்திக்கொண்டார். அக்காவும் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், இடி இடித்தால் அப்படித்தான் பார்ப்பாள், மூத்தவளும் அவள்தான், பயந்தாங்கொள்ளியும் அவள்தான், நான் பாயில் உருண்டுபோய் ஒட்டிக்கொள்வேன். அதனால் ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன், அத்தானுக்கும் அவளுக்கும் நடுவில், நான் இருக்கேன்க்கா என்று சொல்லாமல் சொல்லிக்கொண்டு, பெருமையாகக்கூட இருந்தது. அக்கா கண்ணை மூடித் திறந்தாள். "மழை வரும் போல" என்றார் அத்தான். "ம்" என்றாள் அக்கா. அவ்வளவுதான்... ஊசி குத்திவிட்டது, சட்டையில் பட்டுவிடப் போகிறதே என்று விரலை வாயில் வைத்தேன், எடுத்துப் பார்த்தேன், விரல், விரலுக்கு நடுவில் ஒன்றுமில்லாத இடம், அங்கே இருந்தவை... பட்டன் வைக்காத சட்டையை அம்மா எதற்கு எடுத்துக்கொண்டு போனாள்? அம்மாவுக்குக் கேட்டது எனக்கு ஏன் கேட்கவில்லை, அக்கா பார்த்த பார்வை இரு என்றதா, எழுந்து போ என்றதா, இடிக்குப் பழகிய காதால்தான் அதையும் கேட்டேனா... இப்போது எழுந்தால்? தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டால்? நாக்கு வரை வந்தது. கால்கூட அசைந்தது. அதற்குள் அத்தான் எழுந்துவிட்டார். அக்காவைப் பார்த்தார், நடுவில் நான் இருந்ததால் கொஞ்சம் சாய்ந்துதான் பார்க்க வேண்டியிருந்தது, அவள் குனிந்திருந்தாள், ஊமைக்கோட்டான் என்றாவது கூப்பிடுவார் என்று நான் அவர் முகத்தையே பார்த்தேன். வாசலில் தன் செருப்பை மாட்டும்போது அந்தப் பை காலில் இடறியது, குனிந்து அதைச் சுவரோரமாக நகர்த்தி வைத்துவிட்டு இறங்கிப் போனார்.