மூன்று விநாடிக்குள்

எதையும் இரண்டு தடவை சோதிக்காமல் கையைவிட்டு அனுப்பமாட்டாள் என்பதால் பட்டறையில் அவளுக்கு நத்தை என்று பேர். வைத்தவர் அத்தான்; அக்காவின் புருஷன், பட்டறையின் முதலாளி. குப்பை லாரிகளுக்குப் பின்பக்கம் காட்டும் கேமராத் திரை செய்கிறார்கள். அத்தான் ஆர்டர் பிடிப்பார், அக்கா திரைக்குள் போகும் மின்சுற்றுப் பலகையைப் பற்றவைப்பாள், நத்தை அந்தப் பலகைக்குள் அதை இயக்கும் லினக்ஸை ஏற்றுவாள்.

லாரி நிலையத்து மேற்பார்வையாளர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். சாவியைத் திருப்பி மூன்று விநாடிக்குள் பின்பக்கம் தெரிய வேண்டும். டிரைவர்கள் அதற்குமேல் பொறுக்கமாட்டார்கள், பார்க்காமலே ரிவர்ஸ் எடுத்துவிடுவார்கள். இவர்கள் பலகைக்குப் பதினோரு விநாடி ஆனது.

நத்தை நான்கு நாள் பூட்லோடரோடு மல்லுக்கட்டினாள். மின்சாரம் வந்ததும் முதலில் கண் விழித்து லினக்ஸைத் தட்டி எழுப்புகிற சின்ன நிரல் அது. எழுப்பப் போகிற வழியில் ஊர்வம்பெல்லாம் பேசிக்கொண்டு போனது. இல்லாத நெட்வொர்க் கம்பியைத் தேடியது, இல்லாத யுஎஸ்பியைத் தேடியது, செய்வதையெல்லாம் யாரும் படிக்காத இடத்தில் வரிவரியாக எழுதியது. எல்லாவற்றையும் வெட்டினாள். மிஞ்சியது, யாராவது விசையை அழுத்துகிறார்களா என்று அது காத்திருக்கும் மூன்று விநாடி. அதையும் பூஜ்யமாக்கினாள். இரண்டே முக்கால் விநாடியில் படம் வந்தது.

"அது காத்திருக்கற மூணு செகண்ட்ல ஏன் கைய வச்ச?" என்றார் அத்தான். "விசைய அழுத்தி நாம உள்ள போற வாசல் அது. மூடிட்டு, அப்புறம் கோளாறுன்னா செவுத்துல முட்டிக்கவா?"

"மெமரி கார்டு போட்டா உள்ள போகலாம் அத்தான். நேத்து நானே தப்பா ஒண்ணு எழுதிட்டு வாசலையும் மூடிட்டேன். கார்டு வழியாத்தான் மீட்டேன்."

"பாத்தியா? நீயே மாட்டிட்டு முழிச்சிருக்க!"

அவர் வேறு வழி செய்தார். மற்றப் பழைய பலகைகள் எல்லாவற்றின் பூட்லோடரிலும் ஒரு படத்தை வைத்தார். முந்தின நாள் லாரி நிலையத்தில் அதே கேமரா எடுத்த வெறும் முற்றம். சாவி திருப்பிய ஒரே விநாடியில் அது திரையில் வந்து நிற்கும். உண்மைக் காட்சி சாவகாசமாகப் பதினோராவது விநாடியில் வரும்.

"அது நேத்தைய படம் அத்தான். இன்னைக்கு யாராச்சும் பின்னால நின்னா?"

"பத்து செகண்ட்ல எவன் வந்து நிக்கப் போறான்?"

"விடுடி," என்றாள் அக்கா, தலை நிமிராமல்.

பலகைகளையெல்லாம் லாரி நிலையத்துக்கு எடுத்துப்போன அத்தான், முதல் லாரியில் தன் படம் வைத்த பலகையையே மாட்டினார். புது ஆட்களிடம் நத்தை இரண்டு வார்த்தை பேசியதில்லை. மேற்பார்வையாளரிடம் போனாள்.

"நான் லாரிக்குப் பின்னால நிக்கறேன் சார். திரையில நான் தெரியாம கியர் போடக்கூடாதுன்னு டிரைவர்கிட்ட சொல்லுங்க."

டிரைவர் சாவியைத் திருப்பினார்.

"ஒரே செகண்ட் சார்! ஆனா அந்தம்மா எங்க? ஓடிட்டாங்களா?"

"இங்கதான் இருக்கேன்!" நத்தை லாரியின் முதுகில் உள்ளங்கையால் ஓங்கி ஓங்கி அறைந்தாள்.

"ஐயோ, இப்பத்தான் திடீர்னு பேய் மாதிரி வர்றாங்க!"

மேற்பார்வையாளர் அத்தானைப் பார்த்தார்.

"சின்ன கோளாறு சார்..."

"கோளாறு இல்ல. நேத்து எடுத்த படம்," என்று லாரிக்குப் பின்னாலிருந்து நத்தையின் குரல் வந்தது. "என் பலகைய மாட்டுங்க. அதுவரைக்கும் நகரமாட்டேன்."

அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் வந்தார். "குடும்ப மானத்த வாங்கறியேடி!"

"ஒருத்தர் மேல லாரி ஏறினா மானம் மட்டும் மிஞ்சுமா?"

அக்கா கருவிப்பெட்டியைத் திறந்து தங்கையின் பலகையை எடுத்தாள், ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள், புருஷனைச் சுற்றிக்கொண்டு போய் லாரியில் ஏறினாள்.

அவள் பலகையை மாட்டியதும் டிரைவர் மறுபடி சாவியைத் திருப்பினார். மேற்பார்வையாளர் உரக்க எண்ணினார். "ஒண்ணு... ரெண்டு..."

"தெரியறாங்க சார்! கையக் கட்டிட்டு மொறைக்கிறாங்க."

"சரிம்மா, இதுவே போதும். வாங்க."

"இன்னும் இல்ல சார். அத்தான், அந்தப் பழைய படத்த எல்லாப் பலகையிலேருந்தும் அழிங்க. இப்பவே."

அத்தான் எல்லார் முகத்தையும் பார்த்தார். அக்கா லேப்டாப்பைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். கடைசிப் பலகையிலிருந்தும் அது அழியும்வரை நத்தை லாரிக்குப் பின்னாலேயே நின்றாள்.