பேய் திறந்துவிடும் கதவு

1

இந்தக் கதைக்கு மூலம் என் அண்ணி. வாடகைக்குப் போன பழைய வீட்டின் மாடியில், பட்டப்பகலில் யாரோ இருமியதாகச் சொன்னாள். எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் அந்த இருமியவனை விட்டுவிட மனசு வரவில்லை.

‘மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு’ — வேண்டாம். பேய்க்கதை என்றால் மழை பெய்தே ஆகவேண்டுமா?

வெயில் அடித்தது. கணவனைப் பிரிந்து தனியாகக் குடிவந்த மருந்துக்கடைக்காரி மாடியறையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். சுவரோரம் ஒல்லியாக ஒருவன் நின்று இருமினான். அவன் உடம்பு வழியே ஜன்னல் தெரிந்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு வாசற்படிவரை பின்வாங்கினாள். ஆனாலும், “சளியில ரத்தம் வருதா?” என்றுதான் கேட்டாள்.

(தொழில் புத்தி. இங்கேதான் இவளை எனக்குப் பிடித்துப்போனது.)

2

பூட்டிக் கிடந்த உள்கதவைப் பேய் திறந்தது. பின்னாலேயே போனாள். அதே அறை, ஆனால் நூறு வருஷத்துக்கு முன். இன்னும் பேயாகாத அவன், உயிரோடு கட்டிலில் கிடந்தான். கணக்கு வாத்தியார். காசநோய். அவன் காலத்தில் அதற்கு மருந்து கிடையாது. அவள் கடையில் இருந்தது.*

* டாக்டர் சீட்டில்லாமல் எப்படி எடுத்தாள் என்று கேட்காதீர்கள். நூறு வருஷத்தைத் தாண்டியவள் அதையும் தாண்டினாள்.

மாதக்கணக்கில் மாத்திரையோடு போய்வந்தாள். அவன் எழுந்து உட்கார்ந்தான், ஜன்னல்வரை நடந்தான், வயசு வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு, மூத்தவன் சொன்னால் கேட்கவேண்டும் என்று அவளைச் சீண்டினான். எப்போது காதலானது என்று மூன்று பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவளுக்கே தெரியாதது எனக்கெப்படித் தெரியும்?

அங்கே அவன் தேறத் தேற, இங்கே பேய் மங்கிக்கொண்டே வந்தது. கதவைத் தள்ளவே அதற்கு வலுவில்லை. பேய் இல்லையென்றால் கதவும் இல்லை.

3

இதை அவனிடம் சொல்வாளா, மறைப்பாளா? மறைப்பதாக எழுதிப் பார்த்தேன். மருந்து விஷயத்தில் நோயாளியிடம் பொய் சொல்கிறவளா இவள் என்று கேட்டு, அண்ணி தாளைத் திருப்பித் தந்துவிட்டாள்.

சொன்னாள்.

“நான் பொழைச்சுட்டா நீங்க வர மாட்டீங்க. அப்படித்தானே?”

“வர வழி இருக்காது.”

“அப்ப எனக்கு மாத்திரை வேணாம்.”

“உங்களைப் பேயா வெச்சுக் குடும்பம் நடத்த எனக்கு இஷ்டமில்ல. வாயைத் திறங்க.”

4

முடிவு ஒன்று: அவள் அங்கேயே தங்கிவிடுகிறாள். (ஞாயிறுதோறும் பார்க்க வரும் அவள் அம்மா? பூட்டிய வீட்டுக்கு முன்னால் அவரை எப்படி நிறுத்துவேன்?) முடிவு இரண்டு: திரும்பி வருகிறாள், அவன் வேறொருத்தியைக் கட்டி, பேரன் பேத்தி பார்த்து நிம்மதியாகக் கண்ணை மூடுகிறான். நியாயம் இதுதான். எழுதி முடித்தபோது அவள் முகத்தைப் பார்க்க என்னால்…

ஆகவே இங்கேயே நிறுத்துகிறேன். கடைசி மாத்திரையை விழுங்கிவிட்டான். கதவு இன்னும் கொஞ்சம் திறந்திருக்கிறது. அவள் கட்டிலோரம் உட்கார்ந்திருக்கிறாள். அவன் கை அவள் கைக்குள். எழுந்திருக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவளை எழுப்பிவிடும் வேலை உங்களுடையது. அவசரமில்லை.